வட்டில் வடுவும் ஏட்டில் சிதைவும்

புறநானூற்றைப் பாடம் சொல்லும் ஆசிரியர் 266-ஆம் பாட்டை முடித்ததும் 269-ஆம் பாட்டுக்குப் போய்விடுகிறார். இடையிலிருந்த 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகளும் இன்று இல்லை. 1894-இல் அந்நூலை அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர், கிடைத்தவற்றை ஒன்று, இரண்டு என்று தொடர்ந்து எண்ணி, அந்த இடைவெளி கண்ணில் படாதபடி மூடியிருக்கலாம். படிப்பவர் எவரும் குறை கண்டிருக்கமாட்டார். ஆனால் காணாமற்போன பாட்டுகளின் எண்கள் அவற்றுக்கே உரியனவாக விடப்பட்டன. நற்றிணையில் 234-ஆம் பாட்டும், ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகியனவும், பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இவ்வாறே தம் இடத்தை மட்டும் காட்டி நிற்கின்றன. பாட்டு இருந்து சில சொற்கள் மட்டும் சிதைந்திருந்தால், அங்கே புள்ளிகள் வைக்கப்பட்டன.

எழுதப்படும் பொருள் பழுதுபட்டால் எழுத்தை என்ன செய்வது என்பது மிகப் பழைய கேள்வி. பனையோலையில் கயிறு கோக்கும் துளையைச் சுற்றி இடம் விட்டு எழுதினர். கல்வெட்டில், கல் பெயர்ந்த இடத்தைத் தாண்டி அடுத்த எழுத்தை வெட்டினர். இந்தக் கேள்வி இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வேறோர் உருவில் திரும்பி வந்தது. இம்முறை எழுதப்படும் பொருள் ஓலையுமன்று, கல்லுமன்று. துருவின் நிறம் கொண்ட இரும்பு ஆக்சைடு பூசிய அலுமினிய வட்டு. கணிப்பொறியின் வன்வட்டு என்று நூல்களிலும், ஹார்ட் டிஸ்க் என்று கடைத்தெருவிலும் வழங்கும் கருவி அது. அதன் பழைய வகைகளில் பழுதுபட்ட தடங்களை மனிதர் எவ்வாறு கண்டுபிடித்தனர், எவ்வாறு குறித்துவைத்தனர், பின்னர் ஏன் அந்தக் குறிப்பு மனிதர் கண்ணிலிருந்து மறைந்தது என்பது சுவடியோடு பழகிய தமிழாசிரியர்கள் அறியத்தக்க வரலாறு.

வட்டு பிறந்த கதை

1956-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்னும் கணிப்பொறியை அறிவித்தது. அதனோடு இணைந்த 350 என்னும் சேமிப்புக் கருவிதான் உலகின் முதல் வன்வட்டு. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரெனால்டு ஜான்சன் என்பவரின் தலைமையில் அது உருவாயிற்று. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது வட்டுகள் ஒரே தண்டில் நின்று நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றன. ஒவ்வொரு பக்கத்திலும் நூறு தடங்கள். இத்தனையும் சேர்ந்து ஐம்பது இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. இன்று ஒரு மாணவன் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கு அது ஈடு.

வட்டின் மேற்பூச்சைச் சீராக்குவதே அந்நாளைய பொறியாளர்க்குப் பெரும்பாடாக இருந்தது. சுழலும் வட்டின் நடுவில் பூச்சை ஊற்றினால் அது சுழற்சியின் வேகத்தால் விளிம்புவரை பரவும். ஆனால் பூச்சில் ஒரு கட்டி இருந்தாலும் அந்த இடம் கெட்டுவிடும். ஆகவே பூச்சைப் பெண்கள் அணியும் பட்டுக் காலுறையில் வடிகட்டினார்களாம். தோட்டத்துப் பால் ஸ்டோரில் கொண்டுவந்த பாலைச் சல்லடையில் வடிகட்டிய பிறகே தொட்டியில் விடும் வழக்கத்தைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது.

எவ்வளவு வடிகட்டினாலும் குறையற்ற வட்டு கிடைக்கவில்லை. அலுமினியத்தில் ஒரு நுண்குழி, பூச்சில் ஒரு புள்ளி மெலிவு, ஒட்டிக்கொண்ட ஒரு தூசி இவற்றில் ஒன்று போதும். வட்டின்மேல் எழுதியும் படித்தும் செல்லும் முனைக்குத் தொழிலாளர் 'ஹெட்' என்று பெயர் சொல்வர். அது வட்டைத் தொடாமல், மயிரிழையினும் மிகக் குறைந்த இடைவெளியில், காற்றில் மிதந்து செல்லும். குறையுள்ள இடத்தில் எழுதியது திரும்ப வராது. அல்லது ஒருமுறை வரும், மறுமுறை வராது. பின்னதே கொடியது. முழுதும் கெட்ட இடம் தன்னை உடனே காட்டிக்கொள்ளும். அரைகுறையாகக் கெட்ட இடம் எழுதுபவரை நம்பவைத்து ஏமாற்றும்.

குறையுள்ள வட்டையெல்லாம் எறிந்துவிடலாம் என்றால், தயாரித்தவற்றில் பெரும்பகுதியை எறியவேண்டும். பொருள் விலை உயர்ந்தது. எனவே குறையோடு வாழும் வழியைத் தேடினர். எழுத்தின் அளவு சுருங்கச் சுருங்க, முன்பு பொருட்படுத்தத் தேவையில்லாத சிறு குழிகளும் எழுத்தை விழுங்கலாயின. ஆகவே வட்டு எத்துணை நேர்த்தியானாலும் குறையின் கணக்கு தீரவேயில்லை.

பால் வற்றிய மரம்

இந்த வழியைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போகவேண்டுவதில்லை. கோலசிலாங்கூரிலும் அதற்கு வடக்கேயுள்ள தோட்டங்களிலும் பால்மரம் நிறைந்திருந்த காலத்தில், ஒவ்வொரு தொழிலாளிக்கும் இத்தனை மரம் என்று நிரை பிரித்துக் கொடுப்பர். நிரையில் சில மரங்கள் பட்டை நோய் கண்டு பால் வற்றியிருக்கும். அவற்றை வெட்டுவது வீண் வேலை, மரத்துக்கும் கேடு. அம்மரங்களில் சாயத்தால் அடையாளம் இடுவர். நிரைக்குப் புதிதாக வருபவர் அடையாளத்தைப் பார்த்து அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். மரத்தைப் பிடுங்கி எறிந்து மற்றவற்றை நெருக்கி நடுவதில்லை. நிரை நிரையாகவே இருக்கும்.

(அந்த வட்டாரத்துப் பால்மரங்கள் பின்னர் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டன. தென்னையின் தமிழ்ப் பெயரையே தாங்கிய தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் செம்பனை நடப்பட்டது. இந்நாட்டின் வாணிகச் செம்பனைப் பயிருக்கு அதுவே தொடக்கம். தென்னையின் பெயரில் வேறொரு பனை புகழ்பெற்றது.)

வன்வட்டில் இரண்டு முறைகள் தோன்றின. ஒன்று, கெட்ட இடத்தில் அடையாளம் இட்டு அதனை விட்டுச் செல்லுதல். மற்றொன்று, கெட்ட இடத்துக்கு ஈடாக வேறோர் இடத்தை ஒதுக்கி, அங்கே போகும்படி வழிகாட்டுதல். வன்வட்டின் வரலாற்றில் பின்னர் வந்தவையெல்லாம் இவ்விரண்டின் கலப்பே.

இரண்டாவது முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஐபிஎம் நிறுவனத்தின் 2311 என்னும் கருவி. 1964-இல் அறிவிக்கப்பட்ட 360 வரிசைக் கணிப்பொறிகளோடு அது வந்தது. கழற்றி மாட்டக்கூடிய அதன் வட்டு அடுக்கில் எழுதத்தக்க பரப்புகள் பத்து. ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும் பத்துத் தடங்களைச் சேர்த்து ஓர் உருளை என்பர். மொத்தம் 203 உருளைகள். ஆனால் பயனர்க்குக் கொடுத்தது 200 மட்டுமே. எஞ்சிய மூன்று உருளைகள், அதாவது முப்பது தடங்கள், மாற்றுத் தடங்களாகக் காத்திருந்தன. ஒரு தடத்தில் 3,625 பைட். 2,000 தடங்களுக்கு 72,50,000 பைட். கருவியின் கொள்ளளவாக விளம்பரங்களில் வந்த எண் இதுவே. மாற்றுத் தடங்கள் கணக்கில் காட்டப்படவில்லை.

ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் அத்தடத்தின் சொந்த முகவரி எழுதப்பட்டிருக்கும். அதில் ஒரு குறி, 'இத்தடம் பழுது' என்று சொல்லும். அடுத்துவரும் முதற்பதிவில் மாற்றுத் தடத்தின் முகவரி இருக்கும். வீடு மாறிப் போனவர் பழைய வீட்டுக் கதவில் புதிய முகவரியை எழுதி ஒட்டிச் செல்வது போன்றது இது. இதில் ஒரு நுட்பம் உண்டு: தடம் கெட்டிருந்தாலும் அதன் கதவு கெடாமலிருக்க வேண்டும். அந்தச் சிறு முகவரிகூட எழுத முடியாத தடம் ஒன்றுக்கும் உதவாது.

இம்முறையில் பயனருக்கு இடம் குறையவில்லை; காலம் குறைந்தது. கெட்ட தடத்துக்கு வந்த கை அங்கிருந்து வட்டின் கடைசி உருளைகளுக்கு ஓடி, படித்துவிட்டு, மீண்டும் திரும்பி வரவேண்டும். 1970-இல் அறிவிக்கப்பட்ட 3330 என்னும் பெரிய கருவியிலும் 411 உருளைகளில் ஏழு மாற்றுக்காக ஒதுக்கப்பட்டன. ஆனால் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஒரு தடத்தினுள் இருக்கும் சிறு வடுவுக்காக முழுத் தடத்தையும் கைவிடாமல், வடுவை மட்டும் தாண்டி எழுதும் முறையும் வந்துவிட்டது. ஓலைத் துளையைத் தாண்டி எழுதிய பழைய முறைதான்.

பட்டியலின் ஐந்து படிகள்

டெக் என்று சுருக்கமாக வழங்கிய டிஜிட்டல் நிறுவனத்தார் பட்டியல் முறையைக் கையாண்டனர். அவர்களின் 144-ஆம் எண் நியதிப்படி, வட்டின் கடைசித் தடத்தில் பழுதுகளின் பட்டியல் எழுதப்பட்டது. அதில் 126 பழுதுகள்வரை குறிக்கலாம். பட்டியலை எழுதிய தடமே பழுதானால் என்ன செய்வது? அதற்காக ஒரே பட்டியல் அத்தடத்தின் முதல் ஐந்து இரட்டைப்படைக் கூறுகளில் ஐந்து படிகளாக எழுதப்பட்டது. ஐந்தில் ஒன்று தப்பினாலும் போதும். பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் இயங்குதளத்தினர் இப்பட்டியலைப் படிக்கவும் திருத்தவும் 'பேட்144' என்றே ஒரு கட்டளையை அமைத்தனர். கெட்ட கூற்றுக்கு ஈடான கூறுகள், கடைசித் தடத்துக்கு முன்னிருந்து பின்னோக்கி எடுத்துக்கொள்ளப்பட்டன.

சங்க நூல்கள் தப்பிய வழியும் இதுவே அன்றோ? ஓர் ஊரில் கறையான் தின்ற ஏடு வேறோர் ஊரில் முழுதாக இருந்தது. ஒரே படியாக நின்றவை போயின.

ஒட்டிய தாளும் தட்டிய எண்ணும்

இதுவரை சொன்னவை பெரிய நிறுவனங்களின் குளிரூட்டிய அறைகளில் நின்ற கருவிகள். அவற்றைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற பொறியாளர் இருந்தனர். பழுதுத் தடத்தின் தொல்லை எளிய மனிதரின் மேசைக்கு வந்தது 1980-க்குப் பின்னர்தான். அவ்வாண்டில் ஆலன் ஷுகார்ட், ஃபினிஸ் கானர் முதலியோர் தொடங்கிய சீகேட் நிறுவனம், ஐந்தேகால் அங்குல வட்டுடைய எஸ்டி-506 என்னும் சிறிய வன்வட்டை வெளியிட்டது. கொள்ளளவு ஐந்து மெகாபைட். அதன் தம்பியான எஸ்டி-412 பத்து மெகாபைட் தாங்கியது. 1983 மார்ச்சில் வந்த ஐபிஎம் எக்ஸ்டி மேசைக் கணிப்பொறியில் அமர்ந்தது பத்து மெகாபைட் வட்டே.

எஸ்டி-412-இல் 306 உருளைகள், நான்கு ஹெட், ஆகத் தடங்கள் 1,224. ஒரு தடத்தில் 17 கூறுகள். கூறு ஒன்றுக்கு 512 பைட். கூற்றைத்தான் கடைக்காரர் 'செக்டர்' என்பர்; கெட்டால் 'பேட் செக்டர்'. இந்த வட்டுக்குத் தன் குறையைத் தானே அறியும் அறிவு கிடையாது. அதனை ஆட்டிவைக்கும் மூளை கணிப்பொறிக்குள் செருகிய வேறோர் அட்டையில் இருந்தது. அந்த அட்டையைச் செய்தவர் வேறு, வட்டைச் செய்தவர் வேறு. வட்டின் குறை அட்டைக்குத் தெரியாது. இருவருக்கும் இடையே தூது சென்றது ஒரு சிறிய தாள்.

வட்டின் மேலுறையில் ஒட்டியிருந்த அத்தாளில் மூன்று பத்திகள்: எந்த உருளை, எந்த ஹெட், தடத்தின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட். தொழிற்சாலையில் சோதனை செய்து கண்ட வடுக்களின் பட்டியல் அது. சிலவற்றில் அச்சிட்டிருக்கும், சிலவற்றில் பேனாவால் எழுதியிருக்கும். புதிய வட்டைப் பூட்டுபவர், அடிப்படை ஃபார்மட் என்னும் கோடிழுக்கும் வேலையைத் தொடங்கும்போது இந்த எண்களைக் கையால் தட்டவேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் அட்டைகளில், டாஸ் இயங்குதளத்தின் டீபக் நிரலைத் திறந்து 'ஜி=சி800:5' என்று தட்டினால் அந்த வேலை தொடங்கும். அக்காலக் கடைப்பையன்கள் இந்த வரியை மந்திரம்போல் மனப்பாடமாக வைத்திருந்தனர். கெட்ட தடங்கள் உண்டா என்று கேட்கும். உருளை எண்ணையும் ஹெட் எண்ணையும் கொடுக்கவேண்டும். எண்ணொன்று மாறினால் நல்ல தடம் விலக்கப்படும். கெட்ட தடம் உள்ளே நிற்கும்.

ஆனால் பலர் தாளைப் பார்க்கவேயில்லை. வட்டு பெட்டிக்குள் பூட்டப்பட்டபின் தாள் கண்ணுக்குத் தெரியாது. மீண்டும் திருகாணி கழற்றிப் பார்க்க யாருக்குப் பொறுமை? 'ஃபார்மட் செய்யும்போது கணிப்பொறியே கெட்ட இடத்தைக் கண்டுகொள்ளுமே, தாள் எதற்கு?' என்று கேட்டனர். கேள்வி நியாயம்போல் தோன்றும், உண்மையில் தவறு. தொழிற்சாலைச் சோதனை, வட்டிலிருந்து எழும் மின்குறியின் வலிமையையே அளந்தது. இன்று படிக்க முடிகிற, நாளை முடியாமற்போகக்கூடிய மெலிந்த இடத்தையும் அது பிடித்துத் தாளில் எழுதிவிடும். மேசைக் கணிப்பொறியின் சோதனையோ, எழுதியது திரும்ப வந்ததா இல்லையா என்று மட்டுமே பார்க்கும். வந்தால் தேர்ச்சி. ஆகவே தாளைப் புறக்கணித்தவரின் வட்டு முதல் நாள் குறையின்றிக் காணப்படும். சில மாதங்களுக்குப்பின், பல நாள் தட்டெழுதிய கோப்பு அந்த மெலிந்த இடத்தில் போய் விழும். தாளில் ஏற்கெனவே எழுதியிருந்த தடமாகவே அது இருக்கும்.

மறுபுறம், கெட்டதாகத் தோன்றியவை எல்லாம் கெட்டவையும் அல்ல. அந்நாளைய மலிவான வட்டுகளில் கையை நகர்த்தியது படிப்படியாகத் திரும்பும் ஒரு மோட்டார். வெப்பத்தால் உலோகம் நீண்டால் ஹெட் தடத்தின் நடுவை விட்டுச் சற்றே விலகி நிற்கும். குளிர்ந்த காலையில் கோடிழுத்த வட்டு, உச்சிப்பொழுதில் படிக்க மறுக்கும். எனவே அனுபவசாலிகள் வட்டை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடேறிய பின்னரே ஃபார்மட் செய்தனர்; எந்த நிலையில் பெட்டி நிற்குமோ, படுக்குமோ, அந்த நிலையிலேயே வைத்துச் செய்தனர். மலாயாவின் புழுக்கத்தில் குளிரூட்டியை மாலையில் நிறுத்திக் காலையில் போடும் அலுவலகங்களுக்கு இந்த அறிவுரை மிகவும் பொருந்தும். கோடு நகர்ந்ததால் வந்த குறைக்கு மருந்து புதுக்கோடு இழுப்பதே. உள்ளிருக்கும் எழுத்தை இழக்காமல் ஒவ்வொரு தடமாக எடுத்துவைத்து, கோடிழுத்து, திரும்ப எழுதும் ஸ்பின்ரைட் என்னும் நிரலை ஸ்டீவ் கிப்சன் 1980-களின் இறுதியில் வெளியிட்டார். அது 'பேட்' என்று குறிக்கப்பட்ட இடங்களையும் சோதித்து, தேறியவற்றை மீண்டும் பயனுக்குக் கொண்டுவந்தது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. கோடு நகர்ந்ததால் ஒதுக்கப்பட்ட இடத்தை மீட்பது சரி. தொழிற்சாலைத் தாளில் பேர் எழுதப்பட்ட இடத்தை மீட்பது, சாயம் இட்ட மரத்தில் கத்தி வைப்பதுதான்.

ஒரு குத்தூசி முனையளவு வடுவுக்கு எவ்வளவு இடம் போயிற்று என்பதையும் கணக்கிடலாம். வடு ஒன்று இருந்தால் அத்தடம் முழுதும், 17 கூறுகள், 8,704 பைட் விலக்கப்படும். டாஸ் இயங்குதளம் பத்து மெகாபைட் வட்டில் எட்டுக் கூறுகளை ஒரு கொத்தாகவே கையாளும். பதினேழு கூறுகள் எங்கே தொடங்கினாலும் மூன்று கொத்துகளைத் தொடும். ஆக 12,288 பைட் வீண். அக்கொத்துகளுக்கு உரிய அட்டவணைக் கட்டத்தில் 'எஃப்எஃப்7' என்ற குறியை ஃபார்மட் நிரல் எழுதிவைக்கும். அதைக் கண்டால் டாஸ் அவ்விடத்தை யாருக்கும் கொடாது. செக்டிஸ்க் என்று தட்டினால் கெட்ட கூறுகளில் இத்தனை பைட் என்று ஒரு வரி திரையில் வரும். அந்நாளைய பயனர்கள் மாதந்தோறும் அந்த எண்ணைக் கவனித்தனர். எண் அசையாதிருந்தால் நிம்மதி; கூடினால் கவலை.

இந்த அட்டவணையும் தொடக்கக் குறிப்புகளும் வட்டின் முதல் தடங்களில் இருந்தன. மற்ற எந்தத் தடம் கெட்டாலும் தாங்கலாம். சுழியத் தடம் கெட்டால் வட்டே உதவாது என்று டாஸ் வெளிப்படையாகச் சொல்லிவிடும். சுவடியில் முதல் ஏடும் கடைசி ஏடுமே முதலில் சிதைவன என்பதை நினைத்தால், தலைப்பும் ஆசிரியர் பேரும் அழிந்து நிற்கும் கட்டுகள் நினைவுக்கு வரும்.

டாஸ் தந்த கட்டளைகளுள் ஒன்றைப் பற்றி இங்கே சொல்லாமல் விடமுடியாது. 'ரெக்கவர்' என்று அதற்குப் பெயர். கெட்ட கூறுள்ள ஒரு கோப்பிலிருந்து நல்ல கூறுகளை மட்டும் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. ஆனால் கோப்பின் பேரைக் கொடாமல் வட்டின் பேரைக் கொடுத்துவிட்டால், அது எல்லாக் கோப்புகளின் பேரையும் அழித்து, கோப்பு 1, கோப்பு 2 என்ற பாணியில் வரிசை எண் கொடுத்துவிடும். பிரிவுகள் போய்விடும், எது எதுவென்று எவருக்கும் தெரியாது. கட்டைக் காப்பாற்றப் போய்க் கயிற்றை அறுத்து ஏடுகளைக் கலைத்துவிட்ட கதை. மீட்பு என்ற பேரை நம்பி அதைத் தட்டி, நல்ல நிலையில் இருந்தவற்றையும் இழந்தவர் பலர். எம்எஸ்-டாஸ் ஆறாம் பதிப்பில் அக்கட்டளை நீக்கப்பட்டது.

சிலாங்கூருக்கு வந்த தொழில்

வட்டு உருவாக்கும் தொழில் விரைவிலேயே கிழக்கே நகர்ந்தது. சீகேட் 1982-இல் சிங்கப்பூரில் ஆலை அமைத்தது. பின்னர் பினாங்கிலும் வன்வட்டு ஆலைகள் எழுந்தன. இந்தியாவில் பிறந்த ஜுகி தாண்டன் என்பவர் அமெரிக்காவில் நடத்திய தாண்டன் நிறுவனத்தின் வன்வட்டுத் தொழிலை, 1988-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. அதுவரை அட்டைகளைச் செய்துவந்த நிறுவனம் வட்டுகளையும் செய்யத் தொடங்கியது அவ்வாறே. சிலாங்கூரில் பெட்டாலிங் ஜெயாவில் நடந்த அதன் ஆலை நெடுங்காலம் வன்வட்டுகளைச் செய்து அனுப்பியது. 2018-இல் மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது; 2019-இன் இறுதியோடு அங்கே வன்வட்டு உற்பத்தி நின்றது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீட்டுமனைகளாகியும் வந்த அதே காலத்தில் சிலாங்கூரின் மின்னணு ஆலைகள் ஆள் தேடின. தாயும் தந்தையும் பால் வெட்டிய குடும்பத்துப் பெண்கள் ஆலை பஸ்ஸில் ஏறி, தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பணிந்து, தூசி புகாத அறைகளில் நின்றனர். தலைமயிர் ஒன்று விழுந்தால் வட்டு கெடும் அந்த அறையில், வாயை மூடியே வேலை. வன்வட்டின் வரலாற்றை எழுதுவோர் கலிபோர்னியாப் பொறியாளர்களின் பேர்களை வரிசையாக எழுதுகின்றனர். இந்தப் பெண்களின் பேர் எந்த வரிசையிலும் இல்லை.

மறைந்துபோன பட்டியல்

இதற்கிடையே அந்தத் தாளுக்கு முடிவு வந்தது. 1986-இல் காம்பேக், வெஸ்டர்ன் டிஜிட்டல் முதலிய நிறுவனங்கள் கொண்டுவந்த ஐடிஇ என்னும் முறையில், அட்டையில் இருந்த மூளை வட்டின் உடம்பிலேயே ஏறிக்கொண்டது. அதே ஆண்டில் அமெரிக்க நியதியாக ஏற்கப்பட்ட ஸ்கஸி முறையிலும் வட்டு தானே அறிவுடையது. வட்டைச் செய்தவரும் அதன் மூளையைச் செய்தவரும் ஒருவரானபின் இடையில் தாள் எதற்கு? தொழிற்சாலையில் கண்ட வடுக்களின் பட்டியலை வட்டின் மறைவிடத்திலேயே எழுதிவிட்டனர். ஸ்கஸி நியதி இதனைப் 'பி' பட்டியல் என்றது. பிறவிக் குறைகளின் பட்டியல் எனலாம். பயன்பாட்டில் பின்னர் தோன்றுபவற்றுக்கு 'ஜி' பட்டியல். அது வளரும் பட்டியல். பிறவிக் குறைகளைத் தாண்டி நல்ல கூறுகளையே ஒன்று, இரண்டு என்று தொடர்ந்து எண்ணினர். பின்னர் கெடுபவற்றுக்குச் சேமக் கூறுகளிலிருந்து ஈடு கொடுத்தனர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு குறையும் இல்லாத வட்டு. செக்டிஸ்க் நிரலில் கெட்ட கூறுகளின் வரியே வராது.

வந்தால்தான் அச்சம். ஏனெனில், ஒதுக்கி வைத்த சேமம் தீர்ந்த பிறகோ, படிக்கவே முடியாத நிலை வந்த பிறகோதான் குறை வெளியே தெரியும். பழைய வட்டில் பத்துக் கெட்ட தடம் தாளில் இருப்பது இயல்பு. புதிய வட்டில் ஒன்று தெரிந்தாலே மாற்றவேண்டிய நிலை. பழைய பழக்கத்தில் ஊறியவர்கள் ஐடிஇ வட்டுகளுக்கும் அடிப்படை ஃபார்மட் செய்யப்போய்ச் சிலவற்றைக் கெடுத்தனர்.

இங்கே சுவடியின் கதை மீண்டும் பொருந்துகிறது. சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டிய பதிப்பாசிரியர் ஒருவகை. சிதைந்த அடியை விட்டுவிட்டு, அடுத்த அடியை ஒட்டி எழுதிச் சென்ற ஏடெழுதுவோர் மற்றொருவகை. பின்னவரின் படியைப் பார்த்து எழுதுபவருக்கு அங்கே ஓர் அடி இருந்ததே தெரியாது. புதிய வட்டு இரண்டாவது வகையைச் சேர்ந்ததா? முழுதும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. ஒரு கூற்றைப் படிக்க முடியாவிட்டால் வட்டு வெற்றிடத்தைக் கொடுத்து ஏமாற்றுவதில்லை. பிழை என்றே சொல்கிறது. புதிதாக ஏதேனும் அங்கே எழுத வரும்வரை அக்கூற்றைக் காத்திருப்பில் வைத்து, எழுத வந்தபோது பார்த்து, தேறாவிட்டால் ஈட்டுக் கூற்றில் எழுதுகிறது. அது மறைப்பது வடுவை, இழப்பையன்று. ஆனால் வடு பெருகுவதை உரியவர் அறியாமலிருந்தால் இழப்பு திடீரென்று வரும். முன்பு மாதந்தோறும் பார்த்த எண் போய்விட்டதே?

இந்தக் குறையை நிறுவனங்களும் உணர்ந்தன. 1992-இல் ஐபிஎம் தன் வட்டுகள் சில கெடப்போவதை முன்கூட்டி உரைக்கும்படி செய்தது. 1995-இல் காம்பேக் தன் முறையைப் பொது நியதிக்கு அளிக்க, ஸ்மார்ட் என்னும் ஏற்பாடு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாயிற்று. வட்டு தன் உடல்நிலையைப் பல தலைப்புகளில் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. ஐந்தாம் தலைப்பு, ஈடு கொடுக்கப்பட்ட கூறுகளின் எண்ணிக்கை. 197-ஆம் தலைப்பு, காத்திருப்பில் உள்ளவை. தாளில் இருந்த பட்டியலின் நிழல் இவ்விரண்டு எண்களில் திரும்பி வந்தது. ஆனால் எங்கே வடு என்று அவை சொல்வதில்லை. எத்தனை என்று மட்டுமே சொல்கின்றன. கேட்டால்தான் சொல்லும், கேட்பதற்குத் தனி நிரல் வேண்டும். பள்ளி அலுவலகத்தில் பதிவேடுகளை வைத்திருக்கும் எத்தனை பேர் கேட்கிறார்கள்?

பழைய தாளின் பயன் இன்னும் முற்றும் தீர்ந்துவிடவில்லை. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கத் தொடங்கியதுமுதல், டாஸ் காலக் கணிப்பொறிகளில் தமிழ் ஏறலாயிற்று. அக்காலத்துச் சங்க மலர்களும் பள்ளி மலர்களும் தட்டெழுதிய கோப்புகள் எங்கேனும் ஒரு பழைய வட்டில் இருக்கக்கூடும். அவ்வகை வட்டுகளை இன்றைய கணிப்பொறியில் நேரே செருக முடியாது. வட்டின் மின்குறி முழுவதையும் அப்படியே பதிவு செய்து, பின்னர் பிரித்துப் படிக்கும் கருவிகளை ஆர்வலர்கள் செய்திருக்கின்றனர். அவ்வாறு படிக்கும்போது படிக்க மறுக்கும் தடங்கள் வரும். அவற்றுள் எது தொடக்கத்திலேயே விலக்கப்பட்டு எழுத்தே ஏறாத தடம், எது எழுத்து ஏறிய பின்னர் கெட்ட தடம் என்று பிரித்தறிய மேலுறைத் தாள் உதவுகிறது. முன்னதற்காக உழைக்க வேண்டுவதில்லை. பின்னதற்காகப் பலமுறை முயலவேண்டும். பசை காய்ந்த அத்தாள் வட்டைத் தொட்டுத் தூக்கும்போதே உதிரும். ஆதலால் திருகாணியைக் கழற்றும் முன்பு, உருளை எண்ணும் ஹெட் எண்ணும் தெளிவாக விழும்படி அதனைப் படம் எடுத்துக்கொள்கின்றனர்.